றுக்கியா மாற்றிய கேம்சாஃப்ட்

– இழுக்காதீங்க சிவகுருநாதண்ணன், கையை எடுங்க!

– ஏன் றுக்கியா? கேம்சாஃப்ட் வருகுதுதானே?

– வருகுது, சரிஞ்சு வருகுது. உள்ளுக்கு இந்தத் தண்டு சுத்துற புஷ்ஷில ஒரு கீறல் விழுந்தா இந்த எஞ்சினைக் கொண்டுபோய்க் கடல்லதான் போட வேணும்.

– இஞ்ச பார் பிள்ளை, இருபத்திரண்டு வருசம் லொறி ஓட்டுறவன் நான். லிங்கநகரில கேட்டுப்பார்.

– ஓட்டுறது வேற, கழட்டுறது வேற அண்ணன்.

– கோதாரி! முனாப் நிண்டிருந்தா இவ்வளவு கதை இல்லை. உன்ர மனுசன் எப்ப வருவான்?

– கந்தளாய்க்குப் போயிரிக்கார் எண்டு காலையில வந்த உடனேயே சொன்னன்தானே. நீங்க நிக்கிறதா, போறதா?

– எங்க போறது? தம்பலகாமத்தில மகள் கமலாதேவி நிறைமாசம். பஸ் நிண்டு நாலு நாள். பின்னேரம் நாலு மணிக்கு ஆமிக்காரர் ரோட்டைப் பூட்டுறாங்களாம், பிறகு எப்ப திறப்பாங்களோ. அதுக்குள்ள அவளை ஏத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவர வேணும்.

– அப்ப பதறாதீங்க. அந்த நீட்டு போல்ட்டை எடுத்து கேம்சாஃப்ட்டுட முகப்பில பூட்டுங்க. அதுதான் இனிக் கைபிடி.

– பூட்டியாச்சு.

– ஒரு விரற்கடை இழுங்க. கொஞ்சம் சுத்துங்க. இன்னொரு விரற்கடை. நான் இந்தப் பக்கத்தால கையை விட்டுத் தாங்குறன்.

– உதென்ன உள்ளுக்கு? உடுப்புக் காயப்போடுற கிளிப்பெல்லோ?

– ஓம், எண்ட கொடியில இருந்ததுதான். கேம்சாஃப்ட்டில ஏறி நிக்கிற டப்பெட்டெல்லாம் கீழ விழாம மேல தூக்கிக் கிளிப்பால கவ்வ வச்சிரிக்கன். ஒண்டு எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழுந்தா சட்டியையும் கழட்ட வேணும். இழுங்க… இழுங்க… எடுத்தாச்சு!

– ஐயோ, இதைப் பார். மூண்டாவது மேடு தேய்ஞ்சு மொட்டையாக் கிடக்கு.

– வால்வைத் திறக்கிறது அந்த மேடுதானே, அதாலதான் ஏத்தத்தில லொறி மூச்சு வாங்கினது. அந்த அட்டைப்பெட்டியைத் தட்டிப்போடாதீங்க! ஓட்டை போட்டு நம்பர் எழுதி, வால்வைத் தள்ளுற தடியெல்லாம் குத்தி வச்சிரிக்கன். எது எங்க இருந்ததோ அங்கதான் திரும்பப் போக வேணும்.

– உனக்கு உதெல்லாம் முனாப் பழக்கினதோ?

– இது எண்ட வாப்பாட கராச் அண்ணன். முனாப் இங்க வேலை பழக வந்தவர்.

– அப்பிடியோ… சரி, இந்தா புதுசு. அலுமாரிக்குள்ள சீலையில சுத்தி வச்சிருந்தனான். சண்டை துவங்கிப் பதின்மூண்டு வருசம், கொழும்பால ஒரு ஆணி வாறதெண்டாலும் பாஸ் வேணும்.

– நல்லா எண்ணெய் பூசுங்க. மேடு ஒவ்வொண்டிலயும். குறைக்காதீங்க, தலைக்கு வைக்கிற மாதிரி வையுங்க. இனி நான் உள்ளுக்கு விடுறன், நீங்க வாலைத் தாங்குங்க.

– மெல்ல பிள்ளை, மெல்ல.

– உள்ளுக்குப் போயிட்டுது பாருங்க. இப்ப ரெண்டு பல்லுச் சில்லிலயும் வெட்டியிரிக்கிற புள்ளியைப் பாருங்க. ரெண்டும் நேருக்கு நேர் நிக்கிதா?

– கிட்டத்தட்ட.

– கிட்டத்தட்ட எண்டு ஒண்டு இங்க இல்ல. ஒரு பல்லுத் தள்ளி நிண்டா வால்வு போய் பிஸ்டனில அடிக்கும்.

– சரி, கொஞ்சம் பின்னுக்குச் சுத்து. இன்னும். ஆ! இப்ப முகம் பார்த்து நிக்குது.

– இனிப் பூட்டுவம். தடியெல்லாம் நம்பர்படி தாங்க. மெல்லிசுத் தகட்டை வச்சு ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி பார்த்துத் தாறன்.

– மணி ரெண்டாகப் போகுது. ஸ்டார்ட் பண்ணட்டோ?

– முதல்ல ஹாண்டிலைப் போட்டுக் கையால ரெண்டு சுத்துச் சுத்துங்க. எங்கயாவது முட்டுதா?

– இல்லை. வெண்ணெய் மாதிரிப் போகுது.

– அப்ப ஏறுங்க. பிஸ்மில்லாஹ்.

– …பிடிச்சிட்டுது! கேக்குதோ றுக்கியா? புது லொறியின்ர சத்தம்!

– வேகத்தைக் குறைக்காதீங்க! இருபது நிமிசம் இப்பிடியே நிக்கட்டும். மேடும் டப்பெட்டும் ஒண்டோட ஒண்டு பழகினாத்தான் ஆயுசு. அதுக்குள்ள நான் கையைக் கழுவிக் கராச்சைப் பூட்டிப்போட்டு வாறன்.

– பூட்டிப்போட்டு எங்க வாறாய்?

– உங்களோட. கப்பல்துறை தாண்டினதும் முகாம் வாசல்ல என்னை இறக்கி விடுங்க. மகளோட திரும்பி வரக்குள்ள ரெண்டு பேரையும் ஏத்துங்க.

– முகாமிலயோ? ரெண்டு பேரையுமோ? என்ன பிள்ளை கதைக்கிறாய்?

– முனாப் கந்தளாய்க்குப் போகல்ல அண்ணன். ஆமி பிடிச்சுக்கொண்டு போய்ப் பத்து நாள். வீட்டாள் வந்து கையெழுத்து வச்சா இண்டைக்கு விடுறமாம், நேத்து ஆள் அனுப்பிச் சொல்லியிரிக்காங்க. எனக்கும் பஸ் இல்லதானே.

– ஐயோ றுக்கியா! காலையில இருந்து உன்னோடதானே நிக்கிறன். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!

– சொல்லத் துவங்கினா அழுகை வந்திரும் அண்ணன். அழுதுகொண்டு அந்தப் புள்ளி ரெண்டையும் பார்க்க ஏலாது.