பெரியவருக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு

முதல்ல இத எங்கிட்ட சொன்னது எங்க தெருமுனை தையல்காரர்தான் தம்பி. போன மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஆமா, தையல்காரர்தான், ஏன் சிரிக்கறீங்க? பொண்ணு வாசிக்கற செல்லோவுக்கு, அதான் அந்தப் பெரிய வயலினுக்கு, மழை உறை தைக்கக் குடுத்திருந்தோம். அத வாங்கப் போனப்ப சொன்னாரு. அவர்கிட்ட துணி குடுக்கற ஒரு அம்மாவோட பையன் புல்லாங்குழல் வாசிப்பானாம். ஏதோ அறக்கட்டளையாம், ஒரு வருஷம் உதவித்தொகை குடுத்து, தங்க இடம் குடுத்து, மேடையும் ஏத்தி விட்டிருக்காங்களாம். புதுசா வாசிக்க வர்ற பிள்ளைங்களுக்குன்னே குடுக்கறதாம். உங்க பொண்ணும் விண்ணப்பம் போடலாமேம்மான்னாரு. பல்லுல ஊசியக் கடிச்சுக்கிட்டே சொன்னாரு, எனக்கு அந்த ஊசி மேலயே கண்ணு. சரிங்க சொல்றேன்னுட்டு உறைய மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

இல்லப்பா, தண்ணி வேணாம். நீங்க உங்க ஒலிப்பதிவு வேலையப் பாருங்க. நான் உள்ள வந்ததும் எதையோ சட்டுனு நிறுத்தினீங்களே, எனக்காக நிறுத்த வேணாம். அவ ஹெட்போன வீட்லயே விட்டுட்டு வகுப்புக்குப் போயிட்டா. சாயங்காலம் இங்கதானே வருவா, குடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். இந்த நாற்காலி வேற, உக்காந்தா ஓடுது. சுவத்துல இதென்ன, முட்டை அட்டை மாதிரி? ஓ, சத்தம் எதிரொலிக்காம இருக்கவா. அதான் நான் பேசறது எனக்கே யாரோ பேசற மாதிரி இருக்கு.

வகுப்புன்னா வாசிக்கக் கத்துக் குடுக்கற வகுப்பு இல்ல தம்பி. அது தனியா ஒரு வாத்தியார் இருக்காரு. இது வேற. மேடையில எப்படி நிக்கறது, கச்சேரி நடத்தறவங்களுக்கு எப்படி எழுதறது, நாலு பேரு சும்மா வந்து வாசிச்சுட்டுப் போம்மான்னா எப்படி நயமா முடியாதுன்னு சொல்றது. அதையெல்லாம் சொல்லித் தர்றாங்களாம். வரி கட்டறது கூட! சம்பாதிக்கறதுக்கு முன்னாடியே வரியான்னேன். அம்மா நீ சும்மா இருன்னுட்டா.

செல்லோன்னு சொல்லவே எனக்கு ரொம்ப நாளாச்சு. வீட்ல நாங்க அத பெரியவர்னுதான் சொல்வோம். ஆளு சைஸுக்கு இருக்காருல்ல. பெரியவர் படுத்திருக்காரு, கதவ மெதுவா சாத்துன்னு சொல்வா. பஸ்ஸுல ஒரு தடவ கண்டக்டர், பெரியவருக்கும் டிக்கெட் எடும்மான்னுட்டாரு. இவ பேசாம எடுத்துட்டு, அவர ஜன்னலோரம் உக்கார வச்சுட்டு, தான் நின்னுக்கிட்டே வந்தா. கண்டக்டருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சாம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், தையல்காரர். வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்ல மறந்துட்டேன். உறையில ஜிப்பு பிடிக்கலன்னு அவளே போனப்ப, என்னம்மா இன்னும் போடலையான்னு அவரு கேட்டுட்டாரு. வீட்டுக்கு வந்து, ஏம்மா சொல்லலன்னா. ஞாபகமே இல்லடின்னேன். சரி போன்னு விட்டுட்டா. அவ எதையும் மனசுல வச்சுக்க மாட்டா.

மறக்கல தம்பி. மறக்கற விஷயமா அது?

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் வேலைக்குன்னு வெளிய போனவன்தான். நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான். சாப்ட்டியா, மருந்து போட்டியா, சரி வைக்கிறேன். அவன் போனப்ப நான்தான் விழுந்து விழுந்து வேண்டிக்கிட்டேன், அந்த வேலை கிடைக்கணும்னு. கிடைச்சுது. அப்புறம் அவங்கப்பாவும் போயிட்டாரு. மிச்சம் நானும் இவளும் பெரியவரும். காலையில நான் பாத்திரம் தேய்க்கறப்ப அந்தப் பக்கம் ஒரே வரிய திருப்பித் திருப்பி இழுத்துக்கிட்டிருப்பா. காதே புளிச்சுப் போகும். அந்தச் சத்தம் இல்லன்னா வீட்ல குழாய் சொட்டற சத்தம்தான்.

உங்க அம்மா கூட இருக்காங்களா? ஊர்லயா. கூப்பிடுவீங்களா? ம். வெறும் சாப்ட்டியா மட்டும் கேட்டு வச்சிடாதீங்க.

இந்த அறக்கட்டளைக்காரங்களுக்கு ஒரு வாசிப்ப பதிவு பண்ணி அனுப்பணும். ஒரே மூச்சுல வாசிச்சிருக்கணும், வெட்டி ஒட்டக் கூடாது. அதுதான் விதி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வீட்ல இந்த மாதிரி அறையா இருக்கு? ஃபேன் நிறுத்தியாச்சு. ஃபிரிட்ஜ் உறுமுதுன்னு ப்ளக்கையும் பிடுங்கியாச்சு. அத மறுபடி போட மறந்து பாலெல்லாம் திரிஞ்சு போச்சு, அது வேற. அனுப்பறதுக்குக் கடைசி நாளு அது. அதுவரைக்கும் எடுத்ததுல ஒண்ணும் சரியா வரல, அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. அம்மா, நீ அடுப்படிய விட்டு அசையாத, மூச்சு கூட விடாதன்னுட்டு வாசிக்க உக்காந்தா.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல, சாப்பாடு எடுத்து வைக்க ஒரு ஜன்னல் இருக்கு. அந்தத் திட்டு மேலதான் பதிவு பண்ற செல்போன சாய்ச்சு வச்சிருக்கா. அது எனக்குத் தெரியாது. அந்த ஜன்னலுக்கு நேர் கீழதான் தரையில நான் உக்காந்திருக்கேன், அவ கண்ணுல படாம இருக்கணுமேன்னு. நான் எப்பவும் வேண்டிக்கற ஆளு. கண்ண மூடினா வாய் தானா முணுமுணுக்கும், எனக்கே தெரியாது. பஸ்ஸுல பக்கத்துல இருக்கறவங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போனது கூட உண்டு.

அதுதான் பதிவுல விழுந்துடுச்சு.

அன்னிக்கு வாசிச்சு முடிச்சுட்டு ஹெட்போன்ல போட்டுக் கேக்கறா. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கறேன். திட்டப் போறான்னுதான் நெனச்சேன். திட்டியிருக்கலாம். ஹெட்போன கழட்டிட்டு வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அம்மா, நான் வாசிக்கறப்ப நீ எனக்காக வேண்டிக்கிட்டு இருந்தியான்னு கேட்டா.

நான் ம்னேன்.

வேறொண்ணும் சொல்லல. அந்த ஒரு ம்தான்.

அந்த முணுமுணுப்ப எடுக்காம அப்படியே அனுப்பிட்டா. தேர்வு பண்றவங்க நேர்ல கூப்பிட்டுக் கேட்டாங்களாம், பின்னால ஏதோ குரல் ஓடுதே, நீ போட்டதாம்மான்னு. எங்கம்மா எனக்காக வேண்டிக்கறாங்க, அத எடுக்க எனக்கு மனசு வரலன்னிருக்கா. அதுல ஒருத்தர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாராம். எத்தனையோ பிள்ளைங்க போட்டதுல இவளுக்குக் கிடைச்சுது. வாசிப்புக்குத்தான் கிடைச்சிருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா ஊரே என்னைத்தான் சொல்லுது. தையல்காரர் கடையில வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் இந்தம்மா வேண்டி வாங்கினதுன்னு சொல்றாரு. ஒரு அம்மா கைக்குழந்தையத் தூக்கிட்டு வந்து, இதுக்கு உடம்பு சரியில்ல, நீங்க வேண்டினா நடக்குதாமே, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நீட்டுது. நான் எந்த முகத்தோட அந்தக் குழந்தைய வாங்குவேன் சொல்லுங்க? இப்ப நான் தையல்காரர் கடை வழியா போறதில்ல. சுத்திக்கிட்டுப் போறேன்.

அந்த வாசிப்பையே ஆல்பத்துல போடறதுக்கு உங்ககிட்ட குடுத்திருக்கால்ல, முந்தாநாள் அவ உங்ககூட போன்ல பேசினா. நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துது. அண்ணா, குரல் தனி, வாத்தியம் தனியா பிரிச்சுட்டீங்களா, அம்மா என்ன சொல்றாங்கன்னு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்கணும், ஆல்பம் வெளியிடற அன்னிக்குத்தான் அம்மாவுக்கே தெரியணும்னா. அவ்ளோ சந்தோஷம் அந்தக் குரல்ல. எனக்குக் கையில இருந்த துணி நழுவிடுச்சு.

அப்படிப் பிரிக்க முடியுமா தம்பி? மிஷின் பிரிச்சிடுமா? ம்.

அன்னிக்கு நான் வேண்டினது அதில்லப்பா. ஆண்டவனே, இவளுக்கு இது கிடைக்க வேணாம், வேற யாராவது கஷ்டப்படற பிள்ளைக்குக் குடு, இவள எங்கிட்டயே விட்டுடுன்னுதான் கேட்டேன். அவ வாசிச்சு முடிக்கற வரைக்கும் அதையே திருப்பித் திருப்பி. கஷ்டப்படற பிள்ளைக்குன்னு சேத்துக்கிட்டேன் பாருங்க, அவர ஏமாத்தறதுக்கு. அவரு என்ன பண்ணாரு, நான் வேணாம்னு கேட்டதையே எடுத்து அவ கையில குடுத்துட்டாரு.

ஏன் தலைய குனிஞ்சுக்கறீங்க?

அப்ப கேட்டுட்டீங்க. நான் உள்ள வந்ததும் நிறுத்தினீங்களே, அது அதுதானா. எந்திரிச்சு நின்னு வாங்கம்மான்னீங்க, ஆனா என் மூஞ்சியப் பாக்கல. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

நான் ஹெட்போன் குடுக்க வரல தம்பி. அவ மறந்துட்டும் போகல, நான்தான் பையில இருந்து எடுத்து வச்சேன். அந்தக் குரல தெளிய வைக்காதீங்க, முன்ன இருந்த மாதிரி முணுமுணுப்பாவே விட்டுடுங்க, அவ கேட்டா எவ்ளோ பாத்தும் முடியலன்னு சொல்லிடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். இப்ப உங்க முன்னால உக்காந்து சொல்றப்பதான், முன்னப் பின்ன தெரியாத பிள்ளையையும் பொய் சொல்லச் சொல்றோமேன்னு இருக்கு. ஏற்கெனவே ஒரு ம் போதாதா.

இல்ல, நீங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னா அவளுக்கு இன்னும் வலிக்கும். நானே சொல்லணும்னு எனக்கும் தெரியுது. தினமும் வாயெடுக்கறேன். அவ அடுத்த வாரம் அங்க தங்கப் போறதுக்குப் பெட்டி அடுக்கிக்கிட்டே, அம்மா இது மடிச்சுத் தா, அது மடிச்சுத் தாங்கறா. மடிச்சுக் குடுக்கறேன். சாயங்காலம் இங்க வருவால்ல. அது வரைக்கும் நான் வெளிய அந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன். வந்ததும் சொல்வேனான்னு கேக்காதீங்க, இப்ப இருக்கற தைரியம் அப்ப இருக்கணும்.

அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு அவ வாசிச்சத நான் கேக்கவே இல்ல தம்பி. அவ்ளோ பக்கத்துல உக்காந்திருந்தும் என் வாய்ச் சத்தம்தான் எனக்குக் கேட்டுது. ஊரே கேட்டிருக்கு, நான் கேக்கல. குரல் தனியா பிரிச்சுட்டீங்கள்ல? என்னை நிறுத்திட்டு, அவ வாசிச்சத மட்டும் ஒரு தடவ போடுங்க.