மாஸ்டருக்குக் கேட்காத பாட்டு

நேற்று பஸ்ஸில் கேட்டதை நான் யாரிடமாவது சொல்ல வேண்டுமா? இன்னும் விளங்கவில்லை.

சாணார்பட்டி பஸ்ஸில், முன் சீட்டில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"எங்க மாஸ்டருக்கு ரெண்டு வருசமாக் காதே கேக்கலக்கா."

"அடியாத்தி! பெறகு எப்படி ஆர்கன் வாசிச்சு உங்களையும் பாட வைக்கிறாரு?"

"முப்பது வருசக் கைல்ல? எங்க வாயைப் பாத்தே வாசிச்சிருவாரு. சுதி விலகுனா நான் அவரு முதுகுல தட்டுவேன்."

"ஃபாதருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாக. மூச்சு விட்றாதக்கா."

என் மகள் அவரிடம்தான் கீபோர்டு படிக்கிறாள். போன வாரம், "ஒரு பிசிறில்லம்மா" என்று அவளைப் பாராட்டினார். அன்றிலிருந்து விடாமல் வாசிக்கிறாள்.

வகுப்பை நிறுத்தினால் காரணம் கேட்பார்கள். சொன்னால் அவர் வேலை போய்விடும். நாளை மாலை வகுப்பு. அவளை அனுப்பவா, வேண்டாமா? நீங்களாவது சொல்லுங்கள்.