பக்கத்துப் பெட்டி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் கண்ணைச் சொக்கும். அதைத் தவிர என் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, ஐயா. பதினான்கு வருஷமாக அந்த ஆய்வகத்தில் குருத்தெலும்பு வளர்க்கிறேன். நோயாளியின் முழங்காலிலிருந்து அரிசி அளவு துணுக்கு ஒன்று வரும். அதிலுள்ள செல்களைப் பிரித்து, பெருக்கி, ஏழெட்டு வாரத்தில் சின்ன வில்லையாக்கி அறுவை மருத்துவரிடம் கொடுப்பேன்.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. குறைந்த காற்றிலேயே வாழ்ந்து பழகியது. அதனால் அது வளரும் பெட்டிக்குள் நைட்ரஜனைச் செலுத்தி, ஆக்சிஜனை மூன்று சதவீதத்தில் நிறுத்தி வைப்போம். நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கிற காற்றில் இருபத்தொன்று. அதில் வளரவிட்டால் வில்லை தடம் மாறிவிடும். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போன பிறகு சுண்ணாம்பு படிந்து, இறுகி, எலும்பாக மாறப் பார்க்கும்.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் பொறியாளர். காலில் சக்கரம் கட்டியவர். கல்யாணமாகி முதல் பத்து வருஷமும் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அந்த மூன்று மாதத்திலும் நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் என்னைக் கப்பல்காரர் மனைவி என்பார்கள், ஆனால் கப்பல்காரர் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் இயந்திர அறை ஏணியில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் போயிற்று. வில்லை வைத்தால் ஒரு வருஷத்தில் மறுபடி கப்பலேறலாம் என்றார் மருத்துவர்.

விதிப்படி சொந்தக்காரர் செல்களை நாங்கள் தொடக்கூடாது. எங்கள் மேடம்தான் பிடிவாதமாக என்னிடம் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரரோடது. உங்க கைராசி வேற யாருக்கு வரும்?" என்றார்.

முதல் தடவை நடந்தது தவறுதான். அதை வாக்குமூலத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வில்லை வளர்ப்போம், ஒன்று காலுக்கு, ஒன்று சோதனைக்கு. பெட்டியைக் கழுவுவதற்காக இரண்டையும் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினேன். அதில் சூடு அதேதான், காற்று மட்டும் சாதாரணக் காற்று. திரும்ப வைக்கும்போது சோதனை வில்லையை வைத்துவிட்டு மற்றதை மறந்து போய்விட்டேன். நடுவில் நான்கு நாள் விடுமுறை. வந்து பார்த்ததும் அதை எடுத்துப் பழைய பெட்டியில் திரும்ப வைத்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். சோதனை வில்லை தேறிவிட்டது, மற்றது அவர் காலுக்குப் போயிற்று.

ஐந்து மாதத்தில் அது இறுகிவிட்டது. அவர் வீட்டிலேயே இருந்தார். ஆளே மாறிப்போனார். நான் வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். "ஏன் இன்னிக்கு இவ்ளோ லேட்டு? பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு," என்பார். அதுவரை எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, ஐயா. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் இரண்டாவது வில்லை என்று முடிவாயிற்று. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வாட்டி ஒட்டிக்கும். அடுத்த மழைக்குள்ள கப்பல்ல இருப்பேன் பாரு," என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டாவது தடவை நான் எதையும் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பியதும் காலுக்கான வில்லையைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றுவேன். திங்கள் காலை முதல் ஆளாக வந்து திரும்ப வைப்பேன். ஏழு வாரம், ஒரு வாரம்கூடத் தவறாமல். சோதனை வில்லையைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன், மேடமே மெச்சினார். பதிவுகளை நீங்களும் பார்த்தீர்கள், மூன்று சதவீதக் கோடு ஆடவே இல்லை. உள்ளே காற்று எவ்வளவு என்பதைத்தான் அந்த இயந்திரம் எழுதும். உள்ளே வில்லை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இந்த முறை இறுகியதோடு நிற்கவில்லை. எதிரே இருந்த எலும்பையும் தேய்த்துவிட்டது. மருத்துவர் அதை வெளியே எடுத்து, நாங்கள் உறைய வைத்திருந்த சோதனை வில்லையோடு ஒப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது. ஆனால் அதற்கு முன்பே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள், இனி செல் எடுக்க அந்தக் காலில் இடமில்லை, கடைசிவரை ஊன்றுகோல்தான் என்று. அன்றைக்கு நான் அழுதேன். அவர்தான் தேற்றினார். "நீ என்ன பண்ணுவ? உன்னால ஆனதெல்லாம் செஞ்சுட்ட. எனக்குக் குடுத்து வைக்கல, அவ்ளோதான்," என்றார்.

அவர்மேல் என்ன கோபம் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கோபமே இல்லை. அந்தப் பத்து வருஷத்தில் நாங்கள் ஒரு சண்டைகூடப் போட்டதில்லை, போட நேரமே இருந்ததில்லை.

ஆமாம், ஐயா. இரண்டாவது தடவை தெரிந்தேதான் செய்தேன். எழுதி முடித்திருந்தால் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. குளியலறைக்குக்கூட அவரால் தனியாகப் போக முடிவதில்லை. என்னை விட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?