ராணிக்கும் ராஜா மூக்கு

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினேன். முன் சீட்டில் ஓர் ஆன்ட்டியும் அங்கிளும் போனில் தங்கள் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சாயங்காலம் பிரிண்டுக்குப் போகணுமாம்.

ஆன்ட்டி அதிலிருந்த தன் படத்தைத் தொட்டுக் காட்டினார். "இது யாருங்க? உங்க மூக்கு, உங்க தாடை, என் கொண்டை!"

"ரெண்டு பேரும் மேட்ச் ஆகட்டும்னு நான்தான் எடிட் பண்ணேன். பழைய ரோமன் காசுல சில ராணிங்கள இப்படித்தான் போட்டிருக்காங்க. ராஜா மூஞ்சி, ராணி கொண்டை. மியூசியத்துல பாத்தேன்."

"அந்த ராணிங்க சும்மாவா இருந்தாங்க?"

"அவங்கள சாமின்னு சொல்லிக் காசு அடிச்சாங்களே, கோயில் கட்டினாங்களே!"

"உசுரோட இருக்கும்போதா?"

"இல்ல... செத்தப்புறம்."

"எனக்குக் கோயில் வேணாம். டிஷ்வாஷர் லோடு பண்ணுங்க போதும். நாளைக்கு நான் போயிட்டா இந்தப் படத்துக்குத்தான் மாலை போடுவீங்க. என் புள்ள அம்மான்னு நெனச்சு உங்கள கும்பிட்டுட்டு நிப்பான்!"

ஊரில் எங்கம்மா படத்தையும் ஸ்டுடியோக்காரர் யாரோ மாதிரி வெள்ளையாக்கித்தான் மாலை போடக் கொடுத்தார். அம்மா போய் இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அங்கிள் போனைத் தட்டினார். ஆன்ட்டியின் சப்பை மூக்கு மூக்குத்தியோடு திரும்பி வந்தது.

"ம்ம். இது நான்."