பருத்திப்பாலில் கலந்த மஞ்சள் பொடி

— அக்கா, என் பையில இருந்த பாட்டில்ல பாதிகூட இல்லியே! பருத்திக்கொட்டைல வடிச்ச மஞ்சப் பொடிய யாரு எடுத்தா?

— சத்தம் போடாமப் பையப் பேசு, ஏட்டி வேணி. உங்க அத்தான் உள்ள படுத்திருக்காவ. நான்தான் எடுத்தேன். நாலு நாளா அவியளுக்குப் பருத்திப்பால்ல கலந்து குடுக்கேன்.

— அய்யய்யோ! காலேஜுல எலிக்குக் குடுத்துப் பாக்கத்தான எடுத்தோம் அத! மதுரைக்குச் சோதனைக்குக் கொண்டுபோக வச்சிருந்தேன்.

— பருத்திக்கொட்டைதானட்டி? பருத்திப்பால் குடிச்சே வளந்தோம். யாரு செத்தா?

— அதுல இந்த விஷம் தூசி அளவுகூட இருக்காதுக்கா. இது ரெண்டு மூட்டைக் கொட்டைய அரைச்சு வடிச்சது!

— புத்துக்கட்டியச் சாகடிக்கும்னு போன வாரம் உன் வாயாலதான சொன்ன?

— கண்ணாடித் தட்டுல சாகுதுன்னேன்! கட்டி சக்கரையத் தின்னுதான் வளருது. அந்தச் சக்கரைய எரிக்க ஒரு என்சைம் இருக்கு. இந்தப் பொடி அதைப் பிடிச்சு நிறுத்திரும். ஆனா நம்ம உடம்புலயும் அதே என்சைம்தான்க்கா. நல்லது கெட்டது அதுக்குத் தெரியாது. ரத்தத்துல உள்ள பொட்டாசியம் உப்பையும் இறக்கிரும். கை கால் விழுந்துரும், நெஞ்சு நின்னுரும்.

— ஆத்தாடி! டாக்டர் மூணு மாசம்னு கைய விரிச்சிட்டாரே, நான் என்ன செய்ய? தாலிய நானே அறுத்துக்கிட்டேனா? பயமா இருக்குட்டி.

— எஸ்.டி.டி. பூத்துல போயி அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லுதேன். முதல்ல உள்ள போயி அவியளப் பாக்கேன். அத்தான்! முழிச்சிருக்கியளா?

— இந்தச் சத்தத்துல எங்க தூங்க?

— ரெண்டு காலையும் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். இப்ப என் கைய இறுக்கிப் பிடிங்க.

— வலிக்குதா? மில்லுல நூலுக்கு முடிச்சுப் போட்ட கைல்லா!

— வலிக்குது அத்தான். அப்பாடா, இப்பத்தான் உசுரு வந்துச்சு! பருத்திப்பால் எத்தன டம்ளர் குடிச்சிய?

— உங்க அக்கா காதுல போட்டுராத. ஒரு மடக்குகூட இல்ல. எனக்கு எங்க இறங்குது? அவதான் ஒரு மாசமா அரைவயிறும் கால்வயிறுமாக் கெடந்து என்னப் பாக்கா. பருத்திப்பால் சத்துல்லா? அவ அங்கிட்டுப் போனதும் என் டம்ளர்ல உள்ளத அவ குடிக்க வச்சிருக்க செம்புல ஊத்திருவேன். கருப்பட்டி தூக்கலாப் போட்டதுல ருசியா இருந்துச்சு போல. நாலு நாளும் அவதான் குடிச்சா.

— அக்கா! எந்திரிச்சு இங்கன வா! உடனே வா!

— கத்தாதட்டி. காலையிலேருந்து இடுப்புக்குக் கீழ எதுவும் என் சொல் கேக்க மாட்டேங்கு. அவியளுக்குத் தெரிஞ்சா பயந்துருவாவ.