இறுகியவரை இளக வைத்த எங்கள் 'ஏன் அக்கா'வுக்கு

கூச்சத்தைக் கேள்வியால் கரைத்த கூர்மதியே! யாரிடமும் சொல்ல நாவெழாத துன்பத்தை, வானிலை பேசுவதுபோல் இயல்பாகப் பேச வைத்த வல்லமையே! கண்டதற்கெல்லாம் 'ஏன்' என்று கேட்டதால், அன்பு மிகுந்தபோதும் அலுப்பு மிகுந்தபோதும் எங்களால் 'ஏன் அக்கா' என்றே அழைக்கப்பட்ட எங்கள் மூத்த பிசியோதெரபிஸ்ட் அவர்களே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், எழுந்து நின்று நெஞ்சு நெகிழ வணங்குகிறோம்!

எக்ஸ்ரே அறையைத் தாண்டி, நடைவழி முடியும் மூலையில், உள்தாழ்ப்பாள் வைத்த ஒரு சிற்றறையைத் தாங்கள் போராடிப் பெற்றீர்கள். தாழ்ப்பாள் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. "கதவு எப்பத் திறக்குமோன்னு பயந்துட்டே இருக்கறவங்க என்கிட்ட என்னத்தச் சொல்லுவாங்க?" என்று திருப்பிக் கேட்டீர்கள். அந்த அறையின் மேசைமேல் இருந்த இடுப்பெலும்பு மாதிரியைப் பூந்தொட்டி என்றெண்ணி, புதிதாய் வந்த உதவியாளர் தண்ணீர் ஊற்றிவிட, "நல்லதாப் போச்சு, எங்க கசியுதுன்னு பாத்துடலாம்" என்று சிரித்த தங்கள் முகம் இன்னும் எங்கள் கண்ணில் நிற்கிறது.

இருமினால் சிறுநீர்க் கசிவு, தும்மினால் கசிவு, வாய்விட்டுச் சிரித்தால் கசிவு என்று வருந்தியோர் வாசலில் வந்து 'முதுகு வலி' என்றே சொல்வார்கள். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலையும் அடியிலிருந்து தொட்டில்போல் தாங்கும் இடுப்புத் தளத் தசைகளைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசியதே இல்லை. அவ்வாறு வந்தவர்தான் அந்தப் பேருந்து ஓட்டுநர் அம்மையார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. சொல்வதற்கு அவரே இசைவும் தந்திருக்கிறார்.

காத்திருப்போர் இருக்கையில் தந்த தண்ணீரில் அவர் நாவை மட்டும் நனைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். கடந்து சென்ற தாங்கள் நின்றீர்கள்.

"ஏம்மா, குடிக்கலையா?"

"பழகிடுச்சுங்க. வேலை நாள்ல குடிக்கறதில்ல."

"ஏன்?"

தாழ்ப்பாள் போட்ட பிறகே விடை வந்தது. இரண்டாவது பிள்ளைப் பேற்றிலிருந்து அவருக்குக் கசிவு. ஓட்டுநர் இருக்கையில் துண்டு விரித்து, அதற்கடியில் பிளாஸ்டிக் தாளும் விரித்தே வண்டி ஓட்டி வந்திருக்கிறார். "புள்ள பெத்தா அப்படித்தான், பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாராம் அவருடைய அக்கா. இனிப் பொறுக்க முடியாமல், ஆண்டுக் கடைசியோடு வேலையை விடுவதாக டிப்போவில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். "ஸ்டீயரிங்கப் பிடிச்சா நான் ராணிங்க. இறங்கும்போது மட்டும் சீட்டத் திரும்பிப் பாக்கப் பயமா இருக்கு" என்று சொல்லி அழுதார்.

உடல் பரிசோதனைக்கு அன்று அவர் கூசினார். தாங்கள் வற்புறுத்தவில்லை. இடுப்புத் தளத் தசையை இறுக்கும் வழக்கமான பயிற்சியைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினீர்கள். சில வாரங்களில் அவர் திரும்பி வந்தார். கசிவு கூடியிருந்தது, வலியும் கூடியிருந்தது. ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார் என்றோம் நாங்கள். "அவங்க பொய் சொல்லல. எனக்குத்தான் இன்னும் புரியல" என்றீர்கள் தாங்கள்.

விடுமுறை நாளில் உறங்காமல், உற்றாரோடு உரையாடாமல், அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டு அவர் பேருந்திலேயே ஏறி, அவர் தோளும் வயிறும் தெரியும் இருக்கையில் அமர்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பிய தங்கள் ஆர்வத்தை என்னென்பது! ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் மூச்சை அடக்குவதையும், தோள்கள் காதை நோக்கி ஏறுவதையும், வயிறு உள்ளிழுபடுவதையும், வண்டி நின்று பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் உடல் தளராததையும் கண்டீர்கள்! மறுமுறை அவரே பரிசோதனைக்கு இசைந்தார். தசை தளர்ந்திருக்கவில்லை. நாள் முழுவதும் இறுகி இறுகியே களைத்துப் போயிருந்தது.

அவர் முன் தங்கள் கையை முட்டியாக மடக்கிக் காட்டினீர்கள். "மூடின கைய இன்னும் எப்படிங்க மூட முடியும்? முதல்ல திறக்கணும்."

"திறக்கறதா? ஊத்திடுமேங்க!"

அந்த அச்சம் அவ்வளவு எளிதில் போகவில்லை. வயிறு விரிய மூச்செடுக்கவும், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் உடலைத் தளர்த்தவும் பழகினார். மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கத் துணிந்தார். ஒரு நாள் வண்டியிலேயே கசிந்துவிட்டது. "உங்கள நம்பித்தான் குடிச்சேன்!" என்று போனில் சீறினார். தாங்கள் சினக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. "எந்த இடத்துல? அப்ப என்ன செஞ்சுட்டிருந்தீங்க?" என்று கேட்டீர்கள். நாய் ஒன்று குறுக்கே வந்ததாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாராம். அந்த விடையிலிருந்தே அடுத்த பாடம் பிறந்தது. தளரக் கற்ற தசைக்கு, தேவையான கணத்தில் மட்டும் மூச்சை விட்டபடி இறுகக் கற்பித்தீர்கள்.

ஆண்டுக் கடைசி வந்தது. அவர் வேலையை விடவில்லை. முற்றிலும் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். கடும் சளி பிடித்தால் ஒரு துளி உண்டு என்று அவரே சொல்கிறார். ஆனால் நெடுந்தொலைவுத் தடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இருக்கையில் இப்போது துண்டும் இல்லை, தாளும் இல்லை. அடுத்ததாக, புராஸ்டேட் சுரப்பியில் அறுவை சிகிச்சை முடிந்து இதே துன்பத்தை மறைத்து வந்த ஆண் ஓட்டுநர் ஒருவரையும் கையோடு அழைத்து வந்தார். ஆணுக்கும் இது உண்டா என்று எங்களில் ஒருவர் வியக்க, "அவருக்கும் இடுப்பு இருக்குல்ல?" என்று தாங்கள் கேட்டதில் அறையே குலுங்கியது.

எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரியவரே! தெரிந்ததைச் சொல்வோர் பலருண்டு. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அதன் பின்னாலேயே பேருந்தேறிப் போவோர் சிலரே. அச்சிலரில் ஒருவரோடு பணி செய்தோம் என்னும் பெருமை எங்களுக்குப் போதும்!

வேண்டிய மட்டும் தண்ணீர் அருந்தி, நினைத்த தூரம் நடந்து, ஆழ்ந்து உறங்கி, நலமும் வளமும் சூழத் தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும்! திருமண வீட்டிலும், வகுப்பறையிலும், பேருந்திலும், இன்று எத்தனையோ பேர் அக்கம்பக்கம் பாராமல் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இன்னார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அன்பும் அகலாத வியப்புமாக,
இயன்முறை மருத்துவப் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்