குட்டிக் காரில் முன்சீட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கார் சின்னதானது எம்புட்டு நல்லதாப் போச்சுக்கா!" என்றாள் இளையவள்.

"ஆமாட்டி. பெட்ரோலுக்குக் கட்டுபடியாகலைன்னு மாமா அம்பாசடரை வித்தப்ப எனக்கு அழுகையே வந்துச்சு."

"அதுல அத்தை என்னைக்கும் பின்னாலதான். மடியில பிள்ளைக வேற."

"இந்தக் குட்டிக் கார்ல எல்லாருக்கும் எடமேது? நாங்க பஸ்ல வாரோம், நீங்க ரெண்டு பேரும் போங்கன்னேன். கோயிலுக்குச் சோடியாப் போறது இதான் மொத தடவையாம்."

அப்போது ஒரு சின்ன வெள்ளைக் கார் பஸ்ஸை முந்தியது. நரைத்த மீசைக்காரர் ஓட்ட, பக்கத்தில் தலை நிறையப் பூவோடு ஓர் அம்மாள்.

"அத்தே! முன்சீட்டு எப்படி இருக்கு?" என்று இருவரும் ஜன்னல் வழியாகக் கூவினார்கள்.

அந்த அம்மாள் வெட்கத்தோடு கையாட்டினார். மீசைக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார்.